குடியானவன் பெயரால் கொடுத்த பணம்

2003-ஆம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி கனடா தேசத்து விவசாய மந்திரி ஓர் அறிக்கை வெளியிட்டார். அல்பெர்ட்டா மாகாணத்தின் வடபாகத்தில் ஒரு பண்ணையிலிருந்து வந்த பசுவுக்குப் ‘பைத்தியப் பசு’ வியாதி இருந்ததாகச் சோதனையில் தெரிந்தது என்பதே அதன் சாரம். பசு ஜனவரி மாதமே கொல்லப்பட்டுவிட்டது. அதன் இறைச்சி மனிதர் வாய்க்குப் போகவில்லை. இருந்தும் என்ன? அன்றைக்கே அமெரிக்க ஐக்கிய நாடுகள் எல்லைக் கதவைச் சாத்திக்கொண்டன. சுமார் நாற்பது தேசங்கள் அந்த வழியைப் பின்பற்றின. ஒரே ஒரு மாட்டின் மூளையில் கண்ட நோய், பல்லாயிரம் குடும்பங்களின் ஜீவனத்தை ஒரே நாளில் முடக்கிவிட்டது.

மாட்டிறைச்சி வியாபாரத்தைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகை ஒன்று இத்தனை பத்திகள் எழுதுவானேன் என்று நேயர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். உண்பவர் உண்ணட்டும், மறுப்பவர் மறுக்கட்டும். அந்த விவகாரத்தில் நாம் தலையிடப் போவதில்லை. சர்க்கார் பொக்கிஷத்திலிருந்து குடியானவன் பெயரைச் சொல்லி எடுக்கப்படும் பணம் கடைசியில் எவர் பையில் விழுகிறது என்ற ஒரு கேள்விக்கு, கணக்குப் புஸ்தக ஆதாரத்தோடு பதில் சொல்லும் உதாரணங்கள் அபூர்வம். கனடா உதாரணம் அப்படிப்பட்டது. ராஜீய வேலையில் ஈடுபட்டவர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் அந்தத் தொழில் நடக்கும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும். பசுக்களை மேய்ச்சல் வெளிகளில் வைத்துக் கன்று எடுப்பவன் ஒருவன். அந்தக் கன்றுகளை வாங்கிப் பெரும் பட்டிகளில் அடைத்துத் தானியம் போட்டுக் கொழுக்க வைப்பவன் மற்றொருவன். கொழுத்த மாட்டை வாங்கி அறுத்து, இறைச்சியைப் பெட்டியில் அடைத்து விற்பவன் மூன்றாமவன். முதல் இரண்டு வகையினர் பல்லாயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மூன்றாமவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அல்பெர்ட்டாவில் ஹைரிவர், புரூக்ஸ் என்ற இரண்டு ஊர்களில் இருக்கும் பிரமாண்டமான இறைச்சிச்சாலைகளே சந்தையின் பெரும் பாகத்தைக் கையில் வைத்திருந்தன. அக்காலத்தில் இரண்டுக்கும் சொந்தக்காரர்கள் அமெரிக்கக் கம்பெனிகள்.

எல்லை திறந்திருந்தவரையில் குடியானவனுக்கு ஒரு தைரியம் இருந்தது. உள்ளூர் இறைச்சிச்சாலை குறைந்த விலை கேட்டால், மாடுகளை லாரியில் ஏற்றித் தெற்கே அனுப்பிவிடுவான். வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான மாடுகள் இப்படி உயிரோடு எல்லை கடந்தன. மே 20-ந் தேதி சாத்தியது அந்தக் கதவைத்தான். அதற்குப் பிறகு கொழுத்த மாட்டுக்கு வாங்குவோர் இரண்டொருவரே. கொழுத்த மாடு என்பது பரணில் போட்டு வைக்கும் சரக்கா? ஒவ்வொரு நாளும் தானியம் தின்கிறது. முப்பது மாத வயது தாண்டிவிட்டாலோ, நோய்ப் பயத்தால் அதன் மதிப்பு அடியோடு விழுந்துவிடும். விற்றே தீரவேண்டியவன் ஒரு பக்கம். அவசரமில்லாமல் வாங்குபவன் மறுபக்கம்.

ராத்தல் ஒரு டாலருக்குக் குறையாமல் விற்ற கொழுத்த மாடு சில வாரங்களில் நாற்பது சென்ட்டுக்கும் கீழே போயிற்று. 1,300 ராத்தல் எடையுள்ள ஒரு காளை 1,300 டாலர் பெறும் என்றிருந்தவன் 500 டாலரைப் பார்த்தான். கிழட்டுப் பசுக்களின் கதியைச் சொல்லவே வேண்டாம். விற்ற பணம் வண்டிக் கூலிக்கும் சந்தைச் செலவுக்கும் சரியாய்ப் போயிற்று.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. ஒரு மாதம் முடிவதற்குள், ஜூன் 18-ந் தேதி, 46 கோடி டாலர் நிவாரணத் திட்டத்தை அறிவித்தார்கள். மத்திய சர்க்கார் நூற்றுக்கு அறுபது, மாகாண சர்க்கார்கள் நூற்றுக்கு நாற்பது என்பது பங்கு. மாட்டை விற்று அறுத்தால், கிடைத்த விலைக்கும் குறிப்பிட்டதோர் ஆதார விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தின் பெரும் பாகத்தை சர்க்கார் கொடுக்கும். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! வேகத்தையும் நல்லெண்ணத்தையும் நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் திட்டத்தை எழுதியவர்கள் ஒரு சிறு விஷயத்தை மறந்தார்கள். மாடு அறுபட்டால்தான் பணம். அதுவும் அந்தக் கோடைக்குள் கணக்கு முடிந்துவிடும்.

சர்க்கார் வெளியிட்ட இந்தச் செய்தியைக் குடியானவன் மட்டுமா படித்தான்? இறைச்சிச்சாலை முதலாளியும் படித்தான். நிதானமாக, நல்ல வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தான். மானியம் வேண்டுமானால் இன்ன காலத்துக்குள் மாட்டை என்னிடம் கொண்டு வந்தே ஆகவேண்டும் என்று சர்க்காரே இவனுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. நான் பத்து சென்ட் குறைத்துக் கேட்டாலும் அந்தக் குறையில் பெரும் பாகத்தை சர்க்கார் நிரப்பிவிடும். ஆகையால் இவன் என்னோடு வாதாட மாட்டான் என்று அவன் கணக்குப் போட்டான். அந்தக் கணக்கு தப்பவில்லை. விலை இறங்க இறங்க மானியம் ஏறிற்று. மானியம் ஏற ஏற விலை மேலும் இறங்கிற்று. ஊரார் வீட்டு நெய்யில் பெண்டாட்டி கை தாராளம் காட்டிய கதைதான்.

அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்கா பாதிக் கதவைத் திறக்கச் சம்மதித்தது. முப்பது மாதத்துக்குட்பட்ட மாட்டின் எலும்பில்லாத இறைச்சி வரலாம், உயிருள்ள மாடு வரக்கூடாது என்றார்கள். இதனால் யாருக்கு அநுகூலம்? உள்ளே மாடு அடிமாட்டு விலைக்குக் கிடக்கிறது. வெளியே அமெரிக்கச் சந்தையில் இறைச்சி நல்ல விலைக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் வாசற்படி ஒன்றே ஒன்று, இறைச்சிச்சாலை. இதற்குள் கனடாவில் கடைக்குப் போய் இறைச்சி வாங்கும் குடும்பத்தலைவிக்கு விலை பெரிதாகக் குறைந்ததா என்றால், அதுவும் இல்லை. விந்தை என்னவென்றால், நோய்ச் செய்தி வந்த பிறகும் அந்த ஜனங்கள் தங்கள் குடியானவர்களைக் கைவிடாமல் முன்னிலும் அதிகமாக மாட்டிறைச்சி வாங்கினார்கள்.

அல்பெர்ட்டா மாகாணத்தின் தணிக்கை அதிகாரி 2004-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் ஓர் அறிக்கை கொடுத்தார். அம்மாகாணம் தன் பங்குக்குச் செலவிட்டது மட்டும் சுமார் 40 கோடி டாலர். வியாதிக்குப் பின் பெரிய இறைச்சிச்சாலைக் கம்பெனிகளின் இலாபம் 281 சதவீதம் உயர்ந்திருந்ததை அவ்வறிக்கை எடுத்துக் காட்டிற்று. இக்கம்பெனிகள் சொந்தத்தில் கொழுப்புப் பட்டிகளும் வைத்திருந்தன. ஆகையால் மாட்டுக்குச் சொந்தக்காரர் என்ற ஹோதாவில் நேரடியாகவே நான்கு கோடி டாலருக்கு மேல் மானியமும் பெற்றன. இவ்வளவையும் சொல்லிவிட்டு, சட்ட விரோதமாக ஏதும் நடந்ததாகத் தெரியவில்லை என்றும் தணிக்கை அதிகாரி சொன்னார். வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் மத்திய இலாகாவும் பிறகு விசாரித்துவிட்டு, கூட்டுச் சதிக்கு ஆதாரமில்லை என்று கைவிட்டது. நாம் அதை நம்புகிறோம். சதி செய்ய வேண்டிய அவசியம் என்ன இருந்தது? திட்டமே அவர்களுக்கு வேண்டியதைச் செய்துகொடுத்தது.

இறைச்சிச்சாலைக்காரர்களின் கட்சியையும் சொல்லிவிடுவது நியாயம். மூளை, தண்டுவடம் முதலிய பாகங்களைத் தனியே நீக்கி அழிக்க வேண்டுமென்ற புது விதியால் செலவு கூடிற்று. முன்பு விலை போன சில உறுப்புகள் குப்பையாயின. இதெல்லாம் உண்மையே. ஆனால் இலாபத்தில் 281 சதவீதம் என்பது இச்செலவுகளைக் கழித்த பிறகு வந்த கணக்கு என்பதை மறக்கக்கூடாது.

ஒட்டாவா பார்லிமெண்டின் விவசாயக் கமிட்டி இக்கம்பெனிகளைக் கணக்குக் காட்டச் சொன்னது. சில கம்பெனிகள் மறுத்தன. பார்லிமெண்டை அவமதித்ததாக 2004 மே மாதத்தில் தீர்மானம் வந்தது. நாளொன்றுக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட வேண்டுமென்ற பேச்சும் எழுந்தது. அந்தச் சமயம் பார்த்துப் பொதுத் தேர்தல் வந்தது. சபை கலைந்தது. அபராதப் பேச்சும் கலைந்தது. பிரதிநிதிகளின் கோபம் எத்தனை நாள் தாங்கும் என்று கம்பெனி வக்கீல்கள் சரியாகவே மதிப்பிட்டிருந்தார்கள்.

இதே காலத்தில் அல்பெர்ட்டாவின் முதல் மந்திரி ரால்ப் க்ளைன், மானமுள்ள மாட்டுக்காரனாக இருந்தால் அந்தப் பசுவைச் சுட்டுப் புதைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பான் என்ற பொருளில் பேசிப் பெரிய கண்டனத்துக்கு ஆளானார். பொறுப்புள்ள மந்திரி பேசத் தகாத பேச்சு என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆயினும் அப்போது மாட்டுக்காரர்கள் பலருடைய மனத்தில் இருந்ததைத்தான் அவர் வெளியே கக்கினார். நோயை மறைக்காமல் சொன்னவன் அழிகிறான், அதனால் வேறொருவன் கொழுக்கிறான் என்றால், அடுத்த முறை எவன் வந்து சொல்வான்?

தப்பை உணர்ந்து திருத்தியதும் உண்டு. 2004 செப்டம்பரில் 48 கோடியே 80 லட்சம் டாலருக்கு வேறொரு திட்டம் போட்டார்கள். அந்த வருஷம் பிறந்த கன்றை 2006 ஜனவரி வரையில் அறுப்புக்கு விடாமல் வைத்திருந்தால் தலைக்கு 200 டாலர். அறுத்தால் பணம் என்றிருந்ததை, அறுக்காமலிருந்தால் பணம் என்று மாற்றினார்கள். குடியானவன் கையில், “இன்றைக்கு விற்கவில்லை, போ” என்று சொல்லும் சக்தி ஓரளவு திரும்ப வந்தது. விலையும் சற்று நிமிர்ந்தது. ஏறக்குறைய அதே தொகை. வேலை செய்த விதமோ நேர்மாறு. முதல் திட்டத்தை எழுதிய அன்றே இந்த யோசனை ஏன் தோன்றவில்லை என்பதற்கு, யாரைக் கலந்து அதை எழுதினார்கள் என்று விசாரித்தால் பதில் கிடைக்கலாம்.

உயிருள்ள இளம் மாடுகளுக்கு எல்லை மறுபடி திறந்தது 2005 ஜூலை 18-ந் தேதி. வயதான மாடுகளுக்கு 2007 நவம்பரில். அதற்குள் எத்தனையோ பேர் தொழிலை விட்டுப் போய்விட்டார்கள். லட்சத்துக்கு மேற்பட்ட குடியானவர்களின் சார்பில் 2005-ல் சர்க்கார் மீது ஒரு வழக்குப் போட்டார்கள். பிரிட்டனிலிருந்து வந்த மாடுகளில் ஒன்றுக்கு 1993-லேயே இந்நோய் கண்டிருந்தும், மாட்டின் எலும்பு மாவை மாட்டுக்கே தீனியாகப் போடுவதை 1997 வரையில் தடுக்காமலிருந்தது சர்க்காரின் அசட்டை என்பது வாதம். பதினேழு வருஷம் சென்று, 2022-ல் ஒன்டாரியோ நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. இவ்வகைப் பண நஷ்டத்துக்கு மாட்டுக்காரர்களிடம் சர்க்காருக்குச் சட்டப்படியான பொறுப்புக் கிடையாது, அன்று தெரிந்ததை வைத்துப் பார்த்தால் சர்க்கார் நடந்துகொண்டதும் தவறல்ல என்று நீதிபதி கண்டார். நாமும் சட்டம் படித்தவர்கள். அத்தீர்ப்பின் தர்க்கத்தில் ஓட்டை காண்பது எளிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதன் பலனை யோசியுங்கள். சர்க்காரின் உதவி உரிமையல்ல, தயவு என்றாகிறது. தயவாக வரும்போது அதன் ஷரத்துகளை எழுதுகிறவன் கையில்தான் எல்லாம் இருக்கிறது. ஷரத்து அச்சேறுவதற்கு முன் சண்டை போடாதவனுக்குப் பிறகு கோர்ட்டில் இடமில்லை.

இப்போது அங்கே மத்திய சர்க்காரும் மாகாணங்களும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. இப்போதைய ஒப்பந்தம் 2023 ஏப்ரலில் தொடங்கியது, 350 கோடி டாலர் பெறுமானமுள்ளது. 2028 மார்ச் 31-ந் தேதி முடிகிறது. அதில் ‘அக்ரிஸ்டெபிலிட்டி’ என்ற ஏற்பாட்டின்படி, ஒருவனுடைய நிகர வரும்படி அவனுடைய முந்தைய சராசரியில் நூற்றுக்கு எழுபதுக்கும் கீழே போனால், அதற்குக் கீழான துண்டில் 80 சதவீதத்தைக் கொடுப்பது என்று 2023-ல் உயர்த்தினார்கள். வருஷக் கணக்கை முடித்துக் காட்டிய பிறகே பணம் முழுவதும் வரும் என்பது இதன் குறை. பட்டினியில் நிற்கும் மாடு வருஷக் கணக்கு முடியக் காத்திருப்பதில்லை. விலை வீழ்ச்சிக்கு எதிராக மேற்கு மாகாணங்களில் 2014-ல் இன்ஷியூரன்ஸ் ஒன்று ஆரம்பித்தார்கள். கோதுமை பயிரிடுகிறவனுடைய இன்ஷியூரன்ஸ் கட்டணத்தில் நூற்றுக்கு அறுபதை சர்க்கார் ஏற்கிறது. மாட்டுக்காரனோ முழுக் கட்டணத்தையும் தானே கட்ட வேண்டுமென்று வைத்தார்கள். இந்தப் பாரபட்சத்துக்குத் தக்க காரணம் சொல்லி நாம் கேட்டதில்லை.

2021-ஆம் வருஷத்துக் கடும் வறட்சியில் மட்டும் பழைய பாடம் நினைவிருந்ததாகத் தெரிகிறது. மேய்ச்சல் கருகிப் பசுக்களைக் கூட்டம் கூட்டமாக விற்கும் நிலை வந்தபோது, இனப்பெருக்கத்துக்காக வைத்துக்கொள்ளும் பசுவுக்குத் தலைக்கு 200 டாலர் வரையில் தீவனச் செலவுக்குக் கொடுத்தார்கள். மந்தை முழுவதும் தப்பவில்லை. 2005 ஜனவரியில் அந்தத் தேசத்தில் சுமார் ஒன்றரைக் கோடி மாடுகள் இருந்தன. 2025 ஜனவரியில் சுமார் ஒரு கோடியே ஒன்பது லட்சம். மாடு குறைந்ததால் விலை இன்று உச்சத்தில் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு முன் தொழிலை விட்டவனுக்கு இதனால் பயனில்லை.

நெருக்கடிக் காலத்தில் குடியானவர்கள் சிலர் கூடிச் சொந்தமாகவே இறைச்சிச்சாலை கட்டிப் பார்த்தார்கள். கால்கரி நகரத்துக்கு வடக்கே பால்ஸாக் என்ற ஊரில் மாட்டுக்காரர்களே பங்கு போட்டுக் கட்டிய சாலை 2006-ல் திறந்தது. அதற்குள் எல்லை திறந்து மாடுகள் தெற்கே போகத் தொடங்கிவிட்டன. பெரிய கம்பெனிகளோடு விலைக்கு விலை நிற்க முடியவில்லை. மறு வருஷமே அதை மூடினார்கள். ஹைரிவர் சாலையும் புரூக்ஸ் சாலையும் இன்றும் நடந்து வருகின்றன.