உங்களுக்குத் தெரியுமா? காலண்டர் சாமிகளை வரைந்த கொண்டைய ராஜு

★ சிவகாசி என்றால் பட்டாசு, கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய் என்போம். ஆனால் தமிழ்நாட்டு வீடுகளில் மாட்டியிருந்த முருகன், லட்சுமி, மீனாட்சி படங்களில் பல கோவில்பட்டியில் வரையப்பட்டு, சிவகாசியில் அச்சானவை. வரைந்தவர் சி. கொண்டைய ராஜு. பிறப்பு 1898, மறைவு 1976. படத்தைத் தெரியாத வீடு குறைவு. பெயரைத் தெரிந்த வீடு அதைவிடக் குறைவு.

★ ராஜு கோவில்பட்டிக்காரர் அல்ல. சென்னை அரசு ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். மேல்நாட்டு பாணியில் ஒளி நிழல், உடற்கூறு, தூரம் கிட்டம் எல்லாம் அங்கே கற்றது. படித்து முடித்தவருக்கு வேலை தேடும் எண்ணம் வரவில்லை. திருவண்ணாமலைக்குப் போய் ரமணாசிரமத்தில் சில காலம் துறவி போலத் தங்கிவிட்டார். கடைசிவரை கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

★ ஆசிரமத்திலிருந்து நாடகக் கொட்டகைக்கு! நாடகக் கம்பெனி ஒன்றில் சீன் வரைபவராகச் சேர்ந்தார். தர்பார், நந்தவனம், காடு என்று திரைச்சீலைகளை வரைந்து தள்ளிய காலம் அது. 1940களின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் முகாம் போட்டிருந்தபோது கம்பெனி கலைந்தது. மற்றவர்கள் மூட்டை கட்டிப் புறப்பட, ராஜு அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். கம்பெனி வேறு ஊரில் கலைந்திருந்தால் காலண்டர் கலையின் கதையே மாறியிருக்கும்.

★ காலண்டர் சாமிகள் ஏன் நேராக நம்மையே பார்க்கிறார்கள்? பின்னால் தூண், மாடம், தொங்கும் திரை, தாமரைத் தடாகம் எல்லாம் ஏன்? பாதி பதில் கோயில் கருவறையில், மீதி நாடக மேடையில். சீன் வரைந்த கைதான் பிறகு சாமி படமும் வரைந்தது. முகத்தில் மட்டும் மேடையின் மிகை இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் சாந்தத்தை லட்சுமிக்குக் கொடுத்ததுதான் ராஜுவின் கெட்டிக்காரத்தனம் என்பது என் கணிப்பு.

★ மிகவும் புகழ்பெற்ற படம் மீனாட்சி கல்யாணம். அண்ணன் திருமால் தங்கையின் கையைச் சொக்கநாதர் கையில் தாரை வார்த்துக் கொடுக்கும் காட்சி. மதுரைக் கோயிலின் கம்பத்தடி மண்டபத்தில் இதே காட்சி கல்லில் நிற்கிறது. மதுரைக்கே போகாதவர்களின் வீட்டுக்கும் கல்யாணக் கோலத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது காலண்டர்தான். யானைகள் நீர் சொரிய அமர்ந்திருக்கும் கஜலட்சுமிக்கும் அதே செல்வாக்கு. கல்லாப்பெட்டிக்கு மேல் அவரைத் தவிர வேறு யாரை மாட்டுவார்கள் வியாபாரிகள்!

★ ராஜு தனிமரம் இல்லை. டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், மீனாட்சிசுந்தரம் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். பல படங்களில் குரு, சீடர் இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கும். சிஷ்யன் வேலைக்குத் தன் பெயரை மட்டும் போட்டுக்கொள்ளும் வழக்கம் எல்லாத் தொழிலிலும் உண்டு. ராஜு பெயரைப் பங்கிட்டுக் கொண்டவர்.

★ சிவகாசிக்கு அச்சு வந்ததே தீப்பெட்டியால்தான். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு வண்ண லேபிள் வேண்டும். அதற்காக லித்தோ அச்சகம் வந்தது. பிறகு அதே மிஷின்களில் பட்டாசு லேபிள், சாமி படம், காலண்டர் என எல்லாமே ஓடின. மழை குறைந்த வானமும் கைகொடுத்தது. மருந்து காயவும் வெயில் வேண்டும், நமுத்துப்போகாத காகிதமும் வேண்டும்.

★ லித்தோவில் ஒரு படத்தின் ஒவ்வொரு வண்ணமும் தனித்தனியாக அச்சாகும். அசல் ஓவியத்தைப் பார்த்து, வண்ணம் வண்ணமாகப் பிரித்து வரைய அச்சகத்திலும் ஓவியர்கள் இருந்தார்கள். ஒரு வண்ணம் மயிரிழை நகர்ந்தாலும் அம்மனுக்கு இரண்டு உதடு! அவர்கள் பெயர் எந்தப் படத்திலும் இல்லை.

★ ஓவியர் ரவிவர்மாவோடு ஒப்பிடாமல் ராஜுவைப் பற்றிப் பேச முடியாது. ஜெர்மன் மிஷின்களை வைத்து 1894-இல் பம்பாயில் சொந்த அச்சகம் தொடங்கியவர் ரவிவர்மா. அரண்மனைகளுக்கு வரைந்து, பிறகு மக்களிடம் வந்தவர். ராஜுவுக்குச் சொந்த அச்சகமும் இல்லை, அரண்மனையும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே மளிகைக் கடைச் சுவர்தான்.

★ அமெரிக்காவிலும் ஒரு காலண்டர் ஓவியர் இருந்தார். நார்மன் ராக்வெல், 1894-இல் பிறந்து 1978-இல் மறைந்தவர். கிட்டத்தட்ட ராஜுவின் வயதுதான். ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழுக்கு 300-க்கும் மேற்பட்ட அட்டைப்படங்கள், சாரணர் காலண்டர்கள் எனச் சாமானியர்களுக்காகவே வரைந்தவர். வெறும் பத்திரிகைப் படக்காரர் என்று விமர்சகர்கள் அவரைப் பல காலம் ஒதுக்கினார்கள். இன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டாக்பிரிட்ஜில் அவர் பெயரில் தனி அருங்காட்சியகமே இருக்கிறது. ராஜுவை விரிவாக ஆராய்ந்து எழுதியவரும் ஒரு வெளிநாட்டவரே: கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் ஸ்டீபன் இங்லிஸ். நாம் சாமியைக் கும்பிட்டோம். அவர் கையெழுத்தைப் பார்த்திருக்கிறார்.

★ சிவகாசிக்குப் புத்தாண்டு ஆடியிலேயே தொடங்கிவிடும். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டுப் பூஜை போடுவது அச்சகங்களின் வழக்கம். ஏஜென்ட்டுகள் அந்த ஆல்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக ஆர்டர் பிடிப்பார்கள். படம் ஒன்றுதான். கீழே விட்டிருக்கும் வெற்றிடத்தில் ஒரு ஊரில் நகைக்கடை பெயர், அடுத்த ஊரில் உரக்கடை பெயர்.

★ இப்போது அசல் ஓவியத்துக்குப் பதில் கம்ப்யூட்டர். பழைய படத்தையே ஸ்கேன் செய்து, நகையைக் கூட்டி, பின்னணியை மாற்றி அடிக்கிறார்கள். இந்த வெட்டு ஒட்டில் முதலில் பலியாவது ஓரத்தில் இருக்கும் கையெழுத்து.

★ வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய சாமி படங்களை மரத்தடியில் கொண்டுபோய் வைப்பதற்கு முன், கீழ் ஓரத்தை ஒருமுறை துடைத்துப் பாருங்கள். கொண்டைய ராஜு, சுப்பையா, ராமலிங்கம் என்று ஆங்கிலத்தில் பெயர் தெரிந்தால், அந்தப் படத்தைத் திரும்பவும் சுவரிலேயே மாட்டிவிடுங்கள்.