பந்து வந்த பாதை – 14: குண்டெறிந்த பாதிரியார்

எல்வுட் பிரவுனை மணிலாவில் விட்டிருந்தோம். பிலிப்பைன்ஸ், சீனா, ஜப்பான் மூன்றையும் 1913இல் ஒரே திடலில் இறக்கிய ஒய்.எம்.சி.ஏ.காரர் என்பது நினைவிருந்தால் போதும். மற்றதைப் போன இதழில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது 1918. ஆள் பிரான்ஸில் இருக்கிறார். அங்கே போரிடும் அமெரிக்கப் படைக்கு, ஒய்.எம்.சி.ஏ. சார்பில் விளையாட்டு இயக்குநர். துப்பாக்கிச் சத்தம் ஓயும் முன்பே, அக்டோபரில், படைத் தலைமைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் சாரம்: சண்டை நின்ற பிறகு இத்தனை பையன்களையும் என்ன செய்யப்போகிறீர்கள்?

கேட்டதில் நியாயம் இருந்தது. நவம்பர் 11 அன்று போர் நின்றபோது ஐரோப்பாவில் ஏறத்தாழ 20 லட்சம் அமெரிக்கச் சிப்பாய்கள். ஏற்றிப்போகக் கப்பல் போதாது. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குளிர், சேறு, கையில் சம்பளப் பணம், பெயருக்குக் கொஞ்சம் டிரில். இப்படிச் சும்மா கிடக்கும் பட்டாளம் என்ன செய்யும் என்பதற்கு 1919 மார்ச்சிலேயே சாட்சி கிடைத்தது. வேல்ஸில் கின்மெல் பார்க் முகாமில் கப்பலுக்குக் காத்துக் காத்து வெறுத்துப்போன கனடா சிப்பாய்கள் கலவரத்தில் இறங்க, ஐந்து பேர் செத்தார்கள்.

பிரவுன் கேட்டது பெரிய பட்டியல். படைப்பிரிவுகளுக்கிடையே போட்டி, கடைசியில் நேச நாடுகள் அனைத்தும் கூடும் விழா எல்லாம் அதில் உண்டு. ஆனால் அடித்தளம் வேறு: முகாமில் இருக்கும் ஒவ்வொருவனும் ஆட வேண்டும். பத்துப் பேர் ஆட, ஆயிரம் பேர் வேலியில் சாய்ந்து பீடி பிடிப்பது அவருக்கு ஆகாது. அதற்கான மருந்தை மணிலாவிலேயே கண்டுவைத்திருந்தார்: வாலிபால். அங்கே அவர் ஆட்டத்தில் பக்கத்துக்கு 16 பேர்கூட நின்றார்கள். 1919இல் அமெரிக்கப் படையும் கூட்டாளிப் படைகளும் பெற்ற வாலிபால்கள் 16,000. இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து. ஷூ இல்லாதவனும் ஆடலாம். நம் ஊர்க் களத்துமேட்டில் பல்பு கட்டி ஆடியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த வாரம் வாலிபால் விதிகள் எப்படி மாறின என்று எழுதுவதாகத்தான் திட்டம். நடுவில் கையெறி குண்டு வந்து விழுந்துவிட்டது.

பிரவுனின் பட்டியலில் கடைசியாக இருந்த விழா 1919 ஜூன் 22இல் பாரிஸை ஒட்டிய வின்சென் காட்டுப் பகுதியில் தொடங்கியது. அரங்கம் கட்ட வந்த பிரெஞ்சுத் தொழிலாளர்கள் நடுவிலே வேலைநிறுத்தம் செய்ய, அமெரிக்கப் படைப் பொறியாளர்கள் வேலையை முடித்தார்கள். தளபதி பெர்ஷிங்கின் பெயரை வைத்து, அரங்கத்தை பிரான்ஸுக்கே கொடுத்தார்கள். 18 நாடுகள், சுமார் 1,500 பேர். தோற்ற ஜெர்மனிக்கு அழைப்பில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஜூன் 28இல், வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஓட்டம், நீச்சல், குத்துச்சண்டை, கால்பந்து என்று வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தால் திடீரென்று ஓர் உருப்படி: கையெறி குண்டு வீச்சு!

வென்றவர் ஃபிரெட் தாம்சன். பதவி என்ன தெரியுமா? படைப்பிரிவின் பாதிரியார். வெடிக்காத குண்டைத்தான் எறிந்தார், கவலை வேண்டாம். தூரம் 245 அடி 11 அங்குலம், ஏறத்தாழ 75 மீட்டர். கிரிக்கெட் மைதானத்தின் நடுவே நின்று எறிந்தால் பெரும்பாலும் எல்லைக்கோட்டுக்கு வெளியே போய் விழும். சின்ன வயதிலிருந்து பேஸ்பால் எறியும் நாட்டுக்காரரின் தோளுக்கு அது பெரிய காரியமில்லை என்று நினைக்கலாம். அவர் வெறும் தோள்காரர் மட்டுமில்லை. 1910, 1911இல் அமெரிக்காவின் பல்திறன் தடகளச் சாம்பியன்.

இதோடு விட்டாரா? படையிலிருந்து வந்ததும் திரைக்கதை எழுத்தாளர் ஃபிரான்ஸஸ் மேரியனை மணந்தார். பின்னாளில் இரண்டு ஆஸ்கர் வாங்கிய அம்மணி. பாதிரியார் அங்கியைக் கழற்றிவிட்டு, மௌனப் படங்களில் சில்வர் கிங் என்ற வெள்ளைக் குதிரையில் ஏறிக் கௌபாய் நட்சத்திரமானார். 1928இல் லாயத்தில் ஆணியை மிதித்து, ரணஜன்னி வந்து, கிறிஸ்துமஸ் அன்று 38 வயதில் இறந்தார். குண்டு வீச்சு ஒலிம்பிக்குக்குள் வரவே இல்லை. ராணுவ பென்டத்லானில் மட்டும் இன்றும் வீசுகிறார்கள்.

ஆசிரியர் பக்கம் கேட்டு போன் செய்துகொண்டே இருக்கிறார். ஆனாலும் ஒருவரைச் சொல்லாமல் போக மனமில்லை. நீளம் தாண்டுதலில் வென்ற சால் பட்லர் கறுப்பினத்தவர். அமெரிக்கப் படை அன்று கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனிப் பிரிவு வைத்திருந்தது. அவருக்குப் பட்டம் கொடுத்துக் கௌரவித்தவர் மான்டினீக்ரோ மன்னர்.

இந்தக் கூட்டத்தில் பிரவுன் எங்கே? பரிசு மேடையில் அவரைத் தேடாதீர்கள். கேன்டீனில் சிகரெட்டும் சாக்லேட்டும் காசுக்கு விற்றதற்காக ஒய்.எம்.சி.ஏ.வைச் சிப்பாய்கள் ஏசியது உண்டு. அதே ஒய்.எம்.சி.ஏ. காசு வாங்காமல் கொடுத்த பந்தைத்தான் அவர்கள் ஆடினார்கள். குண்டு வீச்சும் மன்னர் பட்டமும் செய்தித்தாளுக்கு. முகாம்தோறும் கட்டிய வலைதான் பிரவுனின் உண்மையான வேலை என்பது என் கட்சி.

பாரிஸுக்குப் பிறகு அவருக்கு மிஞ்சியது ஐந்து ஆண்டுகூட இல்லை. 1924 மார்ச்சில் இதய நோய் கொண்டுபோனபோது வயது 40. அதே கோடையில் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைக் கூட்டிப்போனவர் இன்னொரு ஒய்.எம்.சி.ஏ.காரர், 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி தொடங்கிய ஹாரி குரோ பக். அவரையும், பாக்கி நிற்கும் வாலிபால் விதிகளையும் அடுத்த வாரம் சேர்த்தே பார்த்துவிடலாம்.

அதற்குள் ஓர் உதவி செய்யுங்கள். உங்கள் ஊரில் முதல் வாலிபால் நெட்டைக் கட்டியது யார்? பி.டி. வாத்தியாரா, பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவரா? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஊர்ப்பெயரோடு எழுதி அனுப்புங்கள்.

(தொடரும்)