உஷார்! அந்தக் கிடாயை மாற்றியாச்சா?

எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் முதலில் விலை போவது எந்தக் குட்டி என்று நின்று பாருங்கள். நெஞ்சு அகன்று, முதுகு நீண்டு, கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கிற கிடாக்குட்டிதான். கோயில் கொடை, பக்ரீத் என்றால் கேட்ட விலை. வீட்டில் மிச்சம் நிற்பது யாரும் கை வைக்காத நோஞ்சான். அடுத்த வருஷம் பட்டியிலுள்ள இருபது பெட்டைக்கும் அதுதான் மாப்பிள்ளை!

ஒரு பெட்டை சோடையானால் நஷ்டம் ஒன்றிரண்டு குட்டியோடு போகும். கிடா சோடையானால், அந்த வருஷம் விழுகிற குட்டி அத்தனையிலும் பாதி ரத்தம் அதனுடையது.

“நம்ம கிடா மூணு வருசமா நிக்குது அண்ணாச்சி, ராசியான கிடா” என்று ஒருவர் பெருமையாகச் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. கணக்குப் போடுங்கள். சினைக்காலம் ஐந்து மாதம். பிறந்த பெட்டைக்குட்டி எட்டுப் பத்து மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். ஆக, கிடா பட்டிக்குள் வந்த பதினைந்தாம் மாதமே அதன் மகள் அதன் முன்னால் நிற்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடாயை மாற்றச் சொல்வது வழக்கம். என்னைக் கேட்டால் ஒன்றரை வருஷமே அதிகம். அப்பனும் மகளும் சேர்ந்தால் குட்டி சிறுத்துப் பிறக்கும், தாடை கோணும், பால் குடிக்கத் தெம்பில்லாமல் சாகும். நாமோ மேய்ச்சல் சரியில்லை, கண்ணு பட்டுப்போச்சு என்று எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டிருப்போம்.

இன்னொரு கள்ளன், உங்கள் கிடாக்குட்டி. நாலைந்து மாதத்திலேயே தாயையும் தங்கையையும் துரத்தும். மூன்று மாதத்தில் தனியே கட்டுங்கள். கோயிலுக்கு விடாத குட்டி என்றால் கால்நடை மருந்தகத்தில் காயடித்துவிடுங்கள். சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயை யார் கட்டுவது? ஊர் முழுக்க வருஷக்கணக்காய்ச் சுற்றுகிறது. ஊர் ஆடெல்லாம் ஒரே வம்சம்!

சரி, புதுக்கிடா வாங்கப் போகிறீர்களா? அங்கேதான் பெரிய குழி. செல்போனில் வீடியோ வரும்: “ஒரிஜினல் போயர்”, “சுத்தத் தலைச்சேரி”. தலையில் செம்பட்டை நிறம் இருந்தால் போயர் ஆகிவிடாது. வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். ரெண்டு பல் போட்டிருந்தால் ஒரு வயது தாண்டியது. பால்பல்லோடு நிற்பதை இரண்டு வயது என்பவரிடம் பேச்சே வேண்டாம். விதையைத் தடவிப் பாருங்கள். ஒற்றை விதை என்றால் எவ்வளவு அழகானாலும் திருப்பிவிடுங்கள், அது பரம்பரைக் குறை. உங்கள் பட்டியில் மோளைப் பெட்டைகள் இருந்தால் மோளைக் கிடா வாங்காதீர்கள். கொம்பில்லாததோடு கொம்பில்லாதது சேர்ந்தால் ஆணுமல்லாத, பெண்ணுமல்லாத, சினையே பிடிக்காத குட்டிகள் பிறக்க வாய்ப்புண்டு. கரிசலுக்குக் கன்னியும் கொடியும் போதும் என்பது என் கட்சி. வெயிலும் வறட்சியும் அவற்றுக்குப் பழகியவை, கன்னி இரட்டைக் குட்டியும் போடும்.

வாங்கியதை அன்றைக்கே பட்டிக்குள் விடவே கூடாது! மூன்று வாரம் தனியே கட்டுங்கள். சந்தையிலிருந்து ஆட்டுக்கொல்லி கூடவே வரும். தடுப்பூசி போடாத பட்டியை அது துடைத்துவிடும். புருசெல்லோசிஸ் இருந்தால் சினையாடுகள் குட்டி வீசும், அது ஆளுக்கும் தொற்றும். வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி என்று மாதக்கணக்கில் படுக்க வைத்துவிடும். கிடாயைச் சேர்க்குமுன் ரத்தப் பரிசோதனைக்குக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

பக்கத்து ஊர்க்காரரோடு கிடா மாற்றிக்கொள்வது செலவில்லாத நல்ல வழி. ஆனால் அவரும் நீங்களும் ஒரே பட்டியில் வாங்கியிருந்தால் மாற்றியது அண்ணனுக்குத் தம்பியை. அதனால்தான் ஒரு நாற்பது பக்க நோட்டு வேண்டும்: எந்தக் கிடா, எந்தப் பெட்டை, என்றைக்குச் சேர்ந்தது.

ஒரு மழை விழுந்து பச்சை தழைத்துவிட்டால் பெட்டைகள் வரிசையாகக் கத்த ஆரம்பித்துவிடும். அதற்குள் பழைய கிடாயைச் சந்தைக்கு ஓட்டிவிடுங்கள்.