உடம்பு நடத்தும் தேர்வு

விரலில் முள் குத்துகிறது. உடனே வெள்ளணுக்கள் விரைந்து வந்து கிருமிகளைத் தாக்குகின்றன. ஆனால், பக்கத்திலுள்ள உங்கள் தசையை அவை தொடுவதில்லை. எது சொந்தம், எது அந்நியம் என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்?

நெஞ்செலும்புக்குப் பின்னே தைமஸ் என்னும் சிறு சுரப்பி இருக்கிறது. 1961-இல் ஜாக் மில்லர் என்னும் விஞ்ஞானி, பிறந்த சுண்டெலிக் குட்டிகளிடமிருந்து அதை அகற்றினார். அவை வளர்ந்தபின் வேறு இனச் சுண்டெலியின் தோலை ஒட்டியபோது, எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டன! அந்நியத்தை இனங்காணும் ஒரு வகை வெள்ளணுக்கள் தைமஸில்தான் பக்குவமடைகின்றன என்பது புலனாயிற்று.

டி செல்கள் எனப்படும் இவை எலும்பு மஜ்ஜையில் பிறந்து தைமஸுக்கு வருகின்றன. அங்கே உடலின் சொந்தப் புரதத் துணுக்குகள் அவற்றுக்குக் காட்டப்படுகின்றன. துணுக்கை இறுகப் பற்றும் செல் ஆபத்தானது. பெரும்பாலும் அங்கேயே மடிகிறது. சற்றும் பற்றாத செல் பயன்படாது, அதுவும் மடிகிறது. நூற்றுக்கு 5-க்கும் குறைவானவையே தேறுகின்றன.

தப்பி வரும் முரட்டுச் செல்களை அடக்கக் காவல் டி செல்களும் உண்டு. அவற்றை வெளிப்படுத்திய ஆய்வுகளுக்கே 2025-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் காவலும் தவறினால், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை டி செல்களே அழித்துவிடும். அதுவே முதல் வகை நீரிழிவு. உங்கள் வகுப்பில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் தோழன் இருக்கிறானா? அது இனிப்புத் தின்றதால் வந்ததன்று. பிறருக்கு ஒட்டுவதும் அன்று. அவனோடு தயங்காமல் விளையாடுங்கள்!