மகனை விமானியாக்க நினைக்கும் முதலாளிமாருக்கு: முதலில் இடத்தைப் பாருங்கள்

நமது பகுதியில் டாக்டர், என்ஜினியர் என்ற ஆசைகளோடு இப்போது இன்னொன்றும் சேர்ந்துள்ளது. ஏறாவூர், காத்தான்குடி, ஓட்டமாவடி என்று எங்கு போனாலும் மகனை விமானியாக்க விரும்பும் வாப்பா ஒருவரைக் காண முடிகிறது. சிலர் அதற்காக வயல்காணியை விற்கவும் தயாராக இருக்கிறார்கள். பயிற்சிக் கல்லூரியின் கட்டணத்தை எல்லோரும் விசாரிக்கிறார்கள். அந்தக் கல்லூரி எந்த ஊரில் இருக்கிறது, அங்கே காற்றும் மழையும் எப்படி என்று விசாரிப்பவரை நான் இன்னும் காணவில்லை. உண்மையில் செலவைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு அதற்குத்தான்.

காரணம் இதுதான். விமானப் பயிற்சி மணித்தியாலக் கணக்கில் விற்கப்படும் சரக்கு. சர்வதேச விதிப்படி தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்குக் குறைந்தது 40 மணித்தியாலம் பறக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பாடநெறியானால் 35. சம்பளத்துக்குப் பறக்கும் வர்த்தக அனுமதிப்பத்திரத்துக்கு 200, அங்கீகாரம் பெற்ற பாடநெறியில் 150. இவை குறைந்தபட்சம் மாத்திரமே. வானிலை சரியில்லாமல் பிள்ளை இரண்டு வாரம் தரையில் இருந்தால், படித்த கை மறந்துவிடும். திரும்பவும் அதே பாடத்தைக் காசு கொடுத்துப் படிக்க வேண்டும். அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் நிற்காமல் ஓடும். மணித்தியாலக் கட்டணம் குறைந்த ஊரில் மழை அதிகமென்றால், மொத்தக் கணக்கில் அதுவே விலை கூடிய ஊராகிவிடும்.

உலகில் பெரிய பயிற்சி நிலையங்கள் அமெரிக்காவின் அரிசோனா, புளோரிடா, ஸ்பெயினின் தென்பகுதி போன்ற இடங்களில் குவிந்திருப்பது சும்மா இல்லை. ஜேர்மனியின் லுப்தான்சா நிறுவனமே தன் விமானிகளைப் பல்லாண்டுகளாக அரிசோனாவுக்கு அனுப்பிப் பயிற்றியது. ஜேர்மனியில் விமான நிலையங்கள் இல்லாமலா? வெயில்தான் வேண்டியிருந்தது. இந்தியாவில் ரேபரேலிக்கு அருகில் புர்சத்கஞ்சில் உள்ள அரசாங்கப் பயிற்சி அக்கடமிக்குக் குளிர்காலப் பனிமூட்டம் பெரும் தொல்லை. அதனால் மகாராஷ்டிராவின் கோண்டியாவிலும் பறப்புப் பயிற்சி நடத்தினார்கள்.

சரி, நமது வாவிக்கரைக்கு வருவோம். திமிலைத்தீவில் இருக்கும் மட்டக்களப்பு விமான நிலையத்தில் 1958இல் எயார் சிலோன் விமானம் வந்து இறங்கியது. 1983இல் அது விமானப்படையின் கைக்குப் போனது. திருத்த வேலைகளின் பின் 2018 மார்ச்சில் உள்ளூர் விமான சேவைக்குத் திறக்கப்பட்டது. அங்கே பறப்புப் பயிற்சி நடத்தலாமா என்ற கேள்வி வேடிக்கையானதல்ல. நமது விமானப்படையே தன் பயிற்சி அக்கடமியைக் கிழக்கில், திருகோணமலை சீனன்குடாவில்தான் வைத்திருக்கிறது.

முதலில் மழை. நமக்கு மாரி ஒன்றுதான். வருட மழையில் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்த்துவிடும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கொழும்புப் பக்கம் மழையையும் மேகத்தையும் கொண்டுபோகும்போது நமக்கு இங்கே கச்சான் அடிக்கும், நிலம் வெடிக்கும். விவசாயிக்குக் கஷ்டமான இந்தக் காலம்தான் பயிற்சி விமானத்துக்கு நல்ல காலம். ஆரம்ப மாணவன் கண்ணால் தரையையும் அடிவானத்தையும் பார்த்தே பறக்க வேண்டும். மேகத்துக்குள் நுழைய அவனுக்கு அனுமதியில்லை.

அடுத்தது காற்றின் திசை. நம்மில் பலர் கவனிக்காத விஷயம் இது. விமான ஓடுபாதையின் முனையில் எழுதப்படும் இலக்கம் திசைகாட்டியின் பாகை. கடைசிப் பூச்சியத்தை விட்டு எழுதுவார்கள். மட்டக்களப்பு ஓடுபாதையின் இலக்கம் 06/24. அதாவது ஒரு முனை 60 பாகை, வடகிழக்குப் பக்கம். மறுமுனை 240 பாகை, தென்மேற்குப் பக்கம். மாரியில் வரும் வடகீழ்க் காற்றும் கோடையில் வரும் கச்சானும் ஏறக்குறைய இந்தக் கோட்டிலேயே வருகின்றன. பகலில் கடலிலிருந்து ஏறும் காற்றும் பெரும்பாலும் அதே பக்கம்தான். விமானம் எதிர்காற்றில் ஏறி எதிர்காற்றில் இறங்க விரும்பும். பக்கக்காற்றுத்தான் மாணவனுக்குச் சத்துரு. செஸ்னா 152 விமானத்தைத் தயாரித்தவர்கள் இறக்கிக் காட்டிய பக்கக்காற்றின் அளவு 12 நொட், மணிக்கு 22 கிலோமீட்டர் மாத்திரமே. ஆகவே ஒரு ஊரைத் தெரிவு செய்யும்போது ஓடுபாதை இலக்கத்தையும் அந்த ஊர்க் காற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

ஆனால் கச்சான் நாட்களில் நண்பகலில் பறப்பது நல்லதல்ல. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இயந்திரத்தின் பலமும் குறையும், இறக்கையின் தூக்கும் சக்தியும் குறையும், தரையை விட்டு எழும்ப அதிக தூரம் ஓட வேண்டும். காலை ஆறரையிலிருந்து பத்து வரை, பிறகு அசர் நேரத்துக்குப் பின் என்று வைத்துக்கொண்டால் வாவிக்கு மேல் காற்று அமைதியாக இருக்கும்.

வாவி அழகுதான், ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. கூழைக்கடா, நீர்க்காகம், கொக்கு எல்லாம் காலையிலும் மாலையிலும் கூட்டமாக எழும்பும், அதாவது நாம் பறக்கச் சொன்ன அதே நேரத்தில். ஓடுபாதைக்குக் கிட்டக் குப்பை கொட்டினால் பருந்தும் காகமும் சேரும். இது பிரதேச சபைகள் கவனிக்க வேண்டிய விடயம். ஒற்றை இயந்திர விமானத்தில் இயந்திரம் நின்றால், 1000 அடி உயரத்திலிருந்து ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் மிதந்து போகலாம். அதற்குள் வயல்வெளி வேண்டும். மேற்கே படுவான்கரைப் பக்கம் தாராளமாக உண்டு. கிழக்கே கடலும் வாவியும்தான், ஆகவே உயிர்காப்புச் சட்டை இல்லாமல் ஏறக்கூடாது. 2023 ஆகஸ்டில் சீனன்குடாவில் பயிற்சி விமானம் விழுந்து இரண்டு அதிகாரிகள் உயிரிழந்தார்கள். நல்ல பிரதேசம் என்பது ஆபத்தே இல்லாத பிரதேசம் அல்ல.

இங்கே வானம் காலியாக இருப்பதும் காசுக் கணக்குத்தான். பல இடங்களில் இயந்திரம் இயங்கத் தொடங்கியதும் மீட்டரும் ஓடத் தொடங்கும். நெரிசலான நிலையத்தில் முறைக்குக் காத்திருந்தால் ஓட்டோவை வாசலில் நிறுத்தி வைத்த கதைதான். தனியார் அனுமதிக்கு மாணவன் தனியாக 270 கிலோமீட்டர் பயணம் செய்து வேறு இரண்டு நிலையங்களில் இறங்கியும் காட்ட வேண்டும். மட்டக்களப்பிலிருந்து அம்பாறை, மத்தளை, திரும்பவும் மட்டக்களப்பு என்றால் நேர்கோட்டில் ஏறக்குறைய 340 கிலோமீட்டர் வரும். அம்பாறையில் இறங்க விமானப்படையின் அனுமதி வேண்டும்.

அப்படியானால் குறை என்ன? எரிபொருள்தான் முதல் குறை. செஸ்னா போன்ற சிறு விமானங்கள் குடிப்பது ஜெட் எண்ணெயல்ல, அவ்காஸ் எனும் விசேட பெற்றோல். அது இறக்குமதிச் சரக்கு. சில பீப்பாய்களுக்காகக் களஞ்சியம் நடத்துவது லாபமில்லாத வேலை. பிறகு அங்கீகாரம் பெற்ற பொறியியலாளர். குறித்த மணித்தியாலத்துக்கு ஒருமுறை சோதனை செய்யாமல் விமானம் எழும்பக்கூடாது. அத்துடன் உப்புக் காற்று. நம் கடைத் தகரம் எத்தனை வருடம் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அலுமினிய விமானத்துக்கு நல்ல கொட்டகையும் நன்னீர்க் கழுவலும் கட்டாயம். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் அந்தக் கொட்டகையை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்வார்கள்.

என் அபிப்பிராயத்தில் இங்கே முழுநேரக் கல்லூரி இப்போதைக்குச் சரிவராது. மேற்குக் கரையில் ஏற்கனவே இயங்கும் பாடசாலை ஒன்று மே முதல் செப்டம்பர் வரை இரண்டு விமானங்களை இங்கே கொண்டுவந்து பருவகாலக் கிளை நடத்துவதே புத்தி. அங்கே மழைக்குள் நிற்கும் விமானம் இங்கே உழைக்கும். பாசிக்குடாவுக்கு உல்லாசப் பயணிகள் வரும் மாதங்களும் இவையே. வாவியையும் கல்லடிப் பாலத்தையும் மேலிருந்து பார்க்கும் அரை மணிநேரச் சவாரிக்குக் காசு கொடுக்க ஆளிருக்கும். ஆனால் கூலிக்கு ஆளேற்றிப் பறக்கப் பயிற்சி அனுமதி போதாது, தனி அனுமதி வேண்டும். நம்மவர்கள் விமானம் வாங்க ஓடாமல் கொட்டகை, தங்குமிடம், சாப்பாடு, வாகனம் என்று முதலிடலாம். அந்தத் தொழில்கள் நமக்குத் தெரியும்.

மகனை இன்றைக்கே அனுப்ப நினைப்பவர்கள் இரத்மலானையோ இந்தியாவோ எங்கானாலும், போன வருடத்தில் மாதம் மாதமாக ஒரு மாணவன் சராசரி எத்தனை மணித்தியாலம் பறந்தான் என்று எழுத்தில் கேளுங்கள். எத்தனை விமானம் உண்டு என்பதல்ல, எத்தனை விமானம் இன்று பறக்கும் நிலையில் உண்டு என்று கேளுங்கள். முழுத் தொகையையும் முற்பணமாகக் கட்டாதீர்கள், பறந்த மணித்தியாலத்துக்குப் பகுதி பகுதியாகக் கட்டுங்கள். வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தை இங்கே மாற்ற என்ன வேண்டும் என்பதைச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் முன்கூட்டியே விசாரியுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னர் முதலாம் தர வைத்தியப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறங்களைப் பிரித்தறியும் சோதனையும் அதில் உண்டு. காணியை விற்பது அந்த அறிக்கை கைக்கு வந்த பிறகு இருக்கட்டும்.