கருகியது காயிலா, கோரா?

சென்ற வாரம் டீசல் இன்ஜினைப் பார்த்தோம். இந்த வாரம் அதோடு இணைந்து சுழலும் ஆல்டர்னேட்டர்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருண்டு கிடந்தன. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவும் செல்போனுக்கு சார்ஜ் போடவும் ஜெனரேட்டர்தான் கைகொடுத்தது. அப்படி ஓய்வில்லாமல் ஓடும்போது அடிவாங்கக்கூடியது ஆல்டர்னேட்டரின் கம்பிச் சுற்றான காயில்.

திருக்கோகர்ணம் போன்ற கோயில் ஊரில், முகூர்த்த நாளில் மண்டபத்து ஜெனரேட்டர் நின்றுவிட்டால், "காயில் போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். கரண்ட் வராததற்கு, வோல்டேஜைச் சீராக வைக்கும் ஏ.வி.ஆரோ டையோடோ காரணமாக இருக்கலாம். ஈரம் இறங்கினாலும் மெக்கர் அளவு, அதாவது இன்சுலேஷனின் மின்தடை, விழும். சூடுகாட்டிக் காயவைத்து மறுபடி பார்த்தால் பல நேரம் அளவு ஏறிவிடும்.

காயில் கருகியே இருந்தால், கருகிய விதத்தைப் பாருங்கள். மூன்று ஃபேஸும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் ஓவர்லோடு, அல்லது காற்றோட்டம் அடைபட்டிருக்கிறது. ஒரு ஃபேஸ் மட்டும் கறுத்திருந்தால் லோடு முழுவதையும் அதன் தலையில் கட்டியிருக்கலாம். இந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புது மெஷின் வாங்கினாலும் அதுவும் கருகும்.

காயில் கட்டுவதா, மாற்றுவதா என்பதைத் தீர்மானிப்பது கோர். மெல்லிய சிலிக்கான் எஃகுத் தகடுகளை, ஒன்றோடொன்று மின்சாரம் பாயாதபடி பூச்சிட்டு அடுக்கியதுதான் கோர். பழைய கம்பியை உருவுவதற்காகக் கேஸ் டார்ச்சால் சுட்டால் அந்தப் பூச்சு எரிந்துபோகும். தகடுகளுக்கிடையே சுழல் மின்னோட்டம் ஓடி, கோரே சூடாகும். புதுக் காயிலும் சீக்கிரம் போகும். அதனால் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் அடுப்பில், சுமார் 350 டிகிரியைப் பெரிதும் தாண்டாமல் சுட வேண்டும். சுடுவதற்கு முன்னும் பின்னும் கோர் சோதனை செய்து, எங்காவது தனியாகச் சூடேறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பிறகு பழைய சுற்று எண்ணிக்கை, கம்பி கேஜ், பிட்ச் எதுவும் மாறாமல் கட்டி, வார்னிஷில் முக்கிக் காயவைக்க வேண்டும். 180 டிகிரி தாங்கும் எச் கிளாஸ் இன்சுலேஷன் நல்லது. 10 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்பது தொழில் கணக்கு. முறையாகக் கட்டினால் மோட்டாரின் திறன் குறைவதில்லை என்பதை அமெரிக்க, பிரிட்டிஷ் பழுதுபார்ப்போர் சங்கங்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆல்டர்னேட்டரில் சுழலாமல் நிற்கும் பாகமான ஸ்டேட்டருக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்.

கோர் உருகியிருந்தாலோ, கையடக்க ஜெனரேட்டருக்குக் காயில் கட்டும் கூலி புது விலையை நெருங்கினாலோ மாற்றிவிடுங்கள். மற்றபடி, நல்ல கோரைப் பழைய இரும்புக்குப் போடுவது வீண் செலவு. கைத்தொழில் தெரிந்த உள்ளூர்க்காரரின் வேலையையும் பறிப்பது. அவரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: கோர் சோதனை முடிவையும் மெக்கர் அளவையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம்: ஏ.வி.ஆர்.

(தொடரும்)