வரி பாக்கியில் இருக்கும் வீட்டை விற்பது: மிச்சிகன் சட்டம் தரும் அவகாசம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சொத்து வரி கட்டத் தவறியவரின் வீடு ஒரே நாளில் பறிபோவதில்லை. பிப்ரவரி இறுதிக்குள் கட்டப்படாத வரி, மார்ச் 1ஆம் தேதி நகராட்சியிடமிருந்து கவுண்டியின், அதாவது ஏறக்குறைய மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவின், கருவூல அலுவலரிடம் வசூலுக்குப் போகிறது; அன்று முதல் மாதத்துக்கு 1 சதவீத வட்டி ஏறுகிறது. ஓராண்டு கழிந்தும் பாக்கி தீராவிட்டால் வீடு பறிமுதல் நிலையில் வைக்கப்பட்டு, வட்டி முன்தேதியிட்டு 1.5 சதவீதமாகிறது. அதற்கடுத்த ஆண்டின் மார்ச் 31 வரைதான் பொதுவாக மீட்புரிமை, அதாவது பாக்கியைச் செலுத்தி வீட்டைத் தக்கவைக்கும் உரிமை, நீடிக்கும். பறிமுதல் என்ற சொல்லைக் கண்டதுமே எல்லாம் முடிந்துவிட்டதாகப் பலர் கலங்கிவிடுகிறார்கள். உண்மையில் அந்தக் கடைசித் தேதி வரை வீடு உரிமையாளருடையதே, அதை விற்கும் அதிகாரமும் அவருக்கே உண்டு.

வங்கிக்கடன் உள்ள வீடுகளில், மாதத் தவணையோடு சேர்த்து வாங்கிய தொகையிலிருந்து கடன் நிறுவனமே பெரும்பாலும் வரியைக் கட்டிவிடுகிறது. எனவே இந்த ஆபத்தில் அதிகம் சிக்குவோர் கடனை முழுதும் அடைத்துவிட்ட முதியோரும், பெற்றோரின் வீட்டில் பெயர் மாற்றாமலே குடியிருக்கும் வாரிசுகளும்தான். வீட்டின் மதிப்பு முழுவதும் அவர்களுடையது என்பதால் இழப்பும் முழுதாக அவர்களையே சேர்கிறது. பத்திரத்தில் பெயர் இல்லாத வாரிசு, வாரிசுரிமை நீதிமன்றத்தில் உரிமையை நிலைநாட்டிய பிறகே விற்க முடியும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் முதல் வேலையாக அதைத் தொடங்குவதே நல்லது.

வரி பாக்கி வீட்டின் மேல் நிற்கும் வில்லங்கம். அது விற்பனைக்குத் தடை ஆகாது. குறிப்பிட்ட நாள் வரை செல்லுபடியாகும் பாக்கித் தொகையைக் கருவூல அலுவலகத்திடமிருந்து எழுத்தில் வாங்கிக் கொடுத்தால், உரிமை மூலத்தைச் சரிபார்த்துக் கிரயத்தை முடித்துத்தரும் டைட்டில் நிறுவனம், விற்ற பணத்திலிருந்தே அதைச் செலுத்திவிடும். எடுத்துக்காட்டாக, 90,000 டாலருக்கு விலைபோகும் வீட்டில் 12,000 டாலர் பாக்கி இருந்தால், கிரயக் கணக்கில் அது ஒரு கழிவாக மட்டுமே இடம்பெறும். செலவுகள் போக மீதி உரிமையாளருக்கு வரும். ஆனால் விலை பேசி ஒப்பந்தம் போட்டதனால் கெடு தள்ளிப்போகாது. பணம் கருவூலத்தில் சேர்ந்தால்தான் வீடு தப்பும்.

பறிமுதல் பட்டியல்கள் பொது ஆவணங்கள் என்பதால், அவற்றைப் பார்த்தே கதவைத் தட்டுவோர் உண்டு. "வரியை நாங்கள் கட்டிவிடுகிறோம், கையெழுத்துப் போடுங்கள்" என்று அவர்கள் நீட்டும் தாள், உரிமையை அப்படியே விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாக இருக்கக்கூடும். அவசரத்தில் இருப்பவரிடம் சில நூறு டாலருக்கு வீட்டை எழுதி வாங்குவது கொடுமையிலும் கொடுமை. டைட்டில் நிறுவனத்துக்கு வெளியே, வழக்கறிஞரோ இலவச சட்ட உதவி மையமோ பார்க்காத எதிலும் கையெழுத்திடக் கூடாது. விற்க மனமில்லாதவர்கள் கருவூலத்தில் தவணைத் திட்டம் கேட்கலாம். வருமானம் குறைந்தவர்கள் நகராட்சியிடம் வறுமை விலக்கு கோரலாம், எனினும் அது நடப்பாண்டு வரியைத்தான் குறைக்கும். பழைய பாக்கியைத் தீர்க்காது.

கெடு தாண்டி வீடு ஏலம் போனாலும், பாக்கி போக மீதமாகும் பணத்தின் மேல் உள்ள உரிமை போய்விடாது. மினசோட்டாவில் சுமார் 15,000 டாலர் பாக்கிக்காக ஒரு மூதாட்டியின் குடியிருப்பை 40,000 டாலருக்கு விற்று முழுத் தொகையையும் கவுண்டி வைத்துக்கொண்டது அரசமைப்புக்கு முரணானது என, டைலர் – ஹென்னபின் கவுண்டி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மிச்சிகனில் இந்த மீதத்தைப் பெற, வீடு பறிபோன ஆண்டின் ஜூலை 1ஆம் தேதிக்குள் நோட்டரி முன் கையெழுத்திட்ட படிவத்தைக் கொடுத்து, அடுத்த ஆண்டு பிப்ரவரி 1 முதல் மே 15க்குள் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். கிடைப்பதும் ஏலத்தில் எழுந்த விலையின் மீதமே, சந்தை விலையின் மீதமன்று; அதிலும் ஏல விலையில் 5 சதவீதம் தரகாகக் கழிக்கப்படும். ஜூலை கெடுவைத் தவறவிட்டோரின் கோரிக்கைகளை அம்மாநில நீதிமன்றங்கள் நிராகரித்திருக்கின்றன.